வழக்கறிஞர் ஒருவர் வரித் துறையை நடத்தினால்: ஒரு சட்ட மாணவியின் கேள்விக்குப் பதில்

தங்கைக்கு வணக்கம். கோலாலம்பூரில் சட்டம் இறுதியாண்டு படிக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது இதுதான்: பிலிப்பைன்ஸ் நாட்டின் வரித் துறையை நடத்திய கிம் ஹெனாரெஸைப் போல ஒரு பெண் வழக்கறிஞர் அந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறார், அது கணக்காளர்களின் நாற்காலி என்று உங்கள் நண்பர்கள் சிரிப்பதில் நியாயம் உண்டா, மலேசியாவில் அதற்கு வழி இருக்கிறதா. பினாங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வரி வழக்குகளையே பிழைப்பாகக் கொண்டிருப்பவள் என்பதால், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நண்பர்களின் சிரிப்பை முடித்துவிடலாம். அமெரிக்காவில் 1992-இல் அந்நாட்டு வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் ஆணையராகப் பொறுப்பேற்ற ஷெர்லி பீட்டர்சனும், அவருக்குப் பின் 1993 முதல் 1997 வரை அப்பதவியில் இருந்த மார்கரெட் மில்னர் ரிச்சர்ட்சனும் வழக்கறிஞர்கள். பீட்டர்சன் அதற்கு முன் அந்நாட்டு நீதித் துறையின் வரிப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர், ரிச்சர்ட்சன் ஐ.ஆர்.எஸ்.ஸின் சட்ட அலுவலகத்தில் தொடங்கி, தனியார் சட்ட நிறுவனத்துக்குப் போய், பிறகு தலைவராகத் திரும்பி வந்தவர். பிரிட்டனின் வரித் துறையை 2012 முதல் 2016 வரை நடத்திய லின் ஹோமரும் சட்டம் படித்தவர்தான் என்றாலும், அவர் வரிச் சட்டத்தின் வழியாக வரவில்லை, நகராட்சி நிர்வாகத்தின் வழியாக வந்தார். ஆகவே நாற்காலி யாருடையது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வழக்கறிஞர் ஒருவர் அதில் உட்காரும்போது என்ன மாறுகிறது, என்ன மாறாமலே போகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றும் கேள்வி. அதற்கு ஹெனாரெஸைவிடப் பொருத்தமான உதாரணம் நம் பக்கத்து நாடுகளில் இல்லை.

கிம் ஹசிந்தோ ஹெனாரெஸ் முதலில் கணக்கியல் படித்தவர். மணிலாவின் டி லா சால் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பட்டம் பெற்று, பட்டயக் கணக்காளராகி, அதன் பிறகே அத்தேனேயோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். இந்த வரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும். ஐந்தொகையை, அதாவது ஒரு நிறுவனத்தின் சொத்து, கடன் கணக்கைப் படிக்கத் தெரிந்த பிறகு சட்டத்துக்கு வருபவர், எண்களைக் கண்டு ஒதுங்காத வழக்கறிஞராகிறார். வரி வழக்கு நடத்தும் பலர் இன்றும் எண்கள் வரும் பக்கத்தைக் கணக்காளரிடம் தள்ளிவிட்டு வாதத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். பின்னர் அவர் ஐ.என்.ஜி. வங்கியின் மணிலா கிளையில் துணைத் தலைவராக இருந்தார். 2003 முதல் 2005 வரை பிலிப்பைன்ஸ் உள்நாட்டு வருவாய்ப் பணியகத்தில் துணை ஆணையராகப் பணியாற்றினார். இடையில் உலக வங்கிக் குழுமத்தின் ஆலோசனைப் பணிகளுக்கும் போனார். 2010-இல் பெனிக்னோ அகினோ அதிபரானதும் அவரை ஆணையராக நியமித்தார். அகினோவின் பதவிக்காலம் முடிந்த 2016 ஜூன் வரை, ஆறு ஆண்டுகளும், அவரே நீடித்தார். ஆக, வரி செலுத்துவோரின் பக்கமாகிய வங்கியிலும், வசூலிப்போரின் பக்கத்திலும் இருந்து பார்த்துவிட்டே அவர் தலைமைக்கு வந்தார். ஒரே கட்டடத்துக்குள் படிப்படியாக ஏறி வந்தவருக்கு இந்த இரட்டைப் பார்வை கிடைப்பது அரிது.

வந்ததும் அவர் கையில் எடுத்தது வழக்கு. வரி ஏய்ப்பவர்களைத் துரத்தும் திட்டம் ஒன்று 2005 முதலே அங்கு இருந்தது. ஹெனாரெஸ் அதைக் கிட்டத்தட்ட வாராந்திர வழக்கமாக ஆக்கினார். புகார் தயாராகும், நீதித் துறையில் தாக்கலாகும், பத்திரிகையாளர்கள் அழைக்கப்படுவார்கள், பெயரும் தொகையும் மறுநாள் செய்தித்தாளில் வரும். தொடக்க வழக்குகளில் ஒன்று அடகுத் தொழிலில் இருந்த ஒருவர் மீது தொடுக்கப்பட்டது: பல மில்லியன் பேசோ விலையுள்ள ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார், ஆனால் வரிப் படிவத்தில் காட்டிய வருமானத்தில் அந்தக் காரின் சக்கரத்தைக்கூட வாங்க முடியாது என்பது குற்றச்சாட்டு.

கார் எதற்கு? பிலிப்பைன்சில் வங்கிக் கணக்கு இரகசியச் சட்டம் மிகக் கடுமையானது. வரி அதிகாரி நினைத்தவுடன் ஒருவரின் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்க முடியாது. ஆகவே வருமானத்தை நேராகப் பிடிக்காமல், செலவைப் பிடித்து வருமானத்துக்குப் பின்னோக்கிப் போக வேண்டியிருந்தது. நம் வருமான வரி வாரியத்தின் புலனாய்வுப் பிரிவு மூலதன அறிக்கை கேட்கும்போது செய்வதும் ஏறக்குறைய இதையேதான்: இந்த ஆண்டு உங்கள் வீடு, கடை, நகை, வைப்புத் தொகை எல்லாம் சேர்த்து எவ்வளவு, ஐந்து ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு, இடையில் குடும்பம் எவ்வளவு செலவழித்தது, இந்த வளர்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது. மகளின் கல்யாணச் செலவைக்கூட அந்தப் படிவத்தில் எழுதியாக வேண்டும். கல்யாண மண்டபத்தின் பில்லை ஒளித்து வைத்துவிட்டு, ஆயிரம் பேர் சாப்பிட்ட படத்தை முகநூலில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வசூல் எப்படி இருந்தது? 2010-இல் ஏறத்தாழ 822 பில்லியன் பேசோவாக இருந்த பணியகத்தின் வசூல், 2012-இல் முதன்முறையாக ஒரு டிரில்லியனைத் தாண்டி, 2015-இல் 1.4 டிரில்லியனுக்கு மேல் போனது. இதை முழுவதும் அவர் கணக்கில் எழுத நான் தயாரில்லை. அந்த ஆண்டுகளில் பிலிப்பைன்ஸ் பொருளாதாரம் நன்றாக வளர்ந்தது. 2012 டிசம்பரில் கையெழுத்தான புகையிலை, மதுபான வரிச் சட்டமும் பெரிய தொகையைக் கொண்டுவந்தது. அரசு வைத்த இலக்கைப் பெரும்பாலான ஆண்டுகளில் அவர் எட்டவும் இல்லை. இருந்தாலும், தானாக வந்து வரி கட்டுபவர்களின் மனத்தில் ‘அடுத்த வாரம் நம் பெயர் வருமோ’ என்ற எண்ணத்தை விதைத்தது வசூலில் ஒரு பங்கு வகித்தது என்று நம்புகிறேன்.

அவர் செய்ததில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் இங்கேதான் இருக்கிறது. 2014-இல் பணியகம் செய்தித்தாள்களில் ஒரு விளம்பரம் வெளியிட்டது: பள்ளி ஆசிரியை ஒருவரின் தோளில் மருத்துவர் ஒருவர் ஏறி உட்கார்ந்திருப்பது போன்ற படம். சம்பளத்தில் பிடித்தம் போக வாங்கும் ஆசிரியை ஒழுங்காக வரி கட்டுகிறார், தனியாகத் தொழில் செய்யும் மருத்துவர் அவர் மேல் சவாரி செய்கிறார் என்பது அதன் பொருள். மருத்துவர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. விளம்பரத்தின் அடிப்படைக் கணக்கு பொய் என்று சொல்ல முடியாது. எந்த நாட்டிலும் மாதச் சம்பளக்காரர் தப்ப முடியாதவர்தான். ஆனால் ஒரு தொழிலையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது, ஆள் பார்த்து, ஆதாரம் பார்த்துக் குற்றம் சாட்டப் பழகிய ஒரு வழக்கறிஞருக்கு அழகாக எனக்குத் தோன்றவில்லை.

அதே ஆண்டில், மருத்துவர், வழக்கறிஞர், கணக்காளர் போன்றோர் தங்கள் கட்டண விகிதத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், வாடிக்கையாளர் சந்திப்புப் புத்தகத்தைப் பணியகத்தில் பதிய வேண்டும் என்று ஒரு விதி வந்தது. யார் எதிர்த்து நீதிமன்றம் போனார்கள் தெரியுமா? அந்நாட்டு வழக்கறிஞர் சங்கமே போனது. கட்சிக்காரர் யார் என்பதே இரகசியமாக இருக்க வேண்டிய தொழிலில் சந்திப்புப் புத்தகத்தை அரசிடம் காட்டுவது எப்படி என்பது அவர்கள் வாதம். உச்ச நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் அந்த விதியின் முக்கியப் பகுதிகளைச் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. தன் சொந்தத் தொழிலின் அடிப்படை மரபு எதுவோ அதிலேயே அவர் சறுக்கியது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இன்னொன்று கடன் பத்திர வழக்கு. 2001-இல் பிலிப்பைன்ஸ் அரசு 35 பில்லியன் பேசோ முகமதிப்புள்ள பத்தாண்டுப் பத்திரங்களை விற்றது. அப்போது அவற்றுக்கு, வட்டியில் பிடிக்கப்படும் 20 விழுக்காட்டு இறுதி வரி இல்லை என்று பணியகமே எழுத்தில் சொல்லியிருந்தது. பத்திரம் முதிர்வது 2011 அக்டோபர் 18. அதற்குப் பதினோரு நாட்களுக்கு முன், வரி உண்டு என்று ஹெனாரெஸின் பணியகம் புதிய தீர்மானம் வெளியிட்டது. வங்கிகள் நீதிமன்றம் போயின. 2015-இல் உச்ச நீதிமன்றம் பணியகத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. சட்டத்துக்கு இப்படியும் பொருள் கொள்ளலாம் என்று வாதிட அவருக்கு இடம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்தாண்டுகள் ஒரு வார்த்தையை நம்பி இருந்தவரிடம் பதினோரு நாள் அவகாசத்தில் வார்த்தையை மாற்றுவது, சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நடத்தையாகவே ஒட்டவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய பெயர் வாங்கிய வழக்கு குத்துச்சண்டை வீரர் மேனி பக்கியாவோ மீது எடுத்த நடவடிக்கை. 2008, 2009 ஆண்டுகளுக்காக அவர் 2.2 பில்லியன் பேசோ வரி கட்ட வேண்டும் என்று பணியகம் கணக்கிட்டு, 2013-இல் அவருடைய வங்கிக் கணக்குகளை முடக்கியது. நான் சண்டையிட்டுச் சம்பாதித்தது அமெரிக்காவில், வரியும் அங்கேயே பிடித்தாகிவிட்டது என்பது அவர் வாதம்; அப்படியானால் அதற்கு முறையாகச் சான்றளிக்கப்பட்ட ஆவணத்தைக் கொடுங்கள் என்பது ஹெனாரெஸின் பதில். வரி மேல்முறையீட்டு நீதிமன்றம் வசூலை நிறுத்தி வைக்க மூன்று பில்லியன் பேசோவுக்கு மேல் பிணைத்தொகை கேட்டது. பக்கியாவோ உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார். ஹெனாரெஸின் பதவிக்காலம் முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 2022-இல், அந்த வரி விதிப்பே ரத்தானது. வரி செலுத்துபவருக்கு உரிய நடைமுறை உரிமைகளைப் பணியகம் பின்பற்றவில்லை என்பது அதற்கான காரணங்களில் முதன்மையானது.

இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வழக்குத் தாக்கலான அன்று தலைப்புச் செய்தி. முடிவு வந்த அன்று தாக்கல் செய்தவர் பதவியிலேயே இல்லை. வசூல் அதிகாரிக்கு முக்கியமான கேள்வி எவ்வளவு என்பது. வழக்கறிஞருக்கு முக்கியமானது எதைக் கொண்டு நிரூபிப்பது, எந்தக் கடிதம் எந்தத் தேதியில் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பது. ஹெனாரெஸுக்கு இரண்டாவது கேள்வி தெரியாமல் இருந்திருக்க முடியாது. என் கணிப்பு, அவர் தலைமை நாற்காலியில் அரசுத் தரப்பு வழக்குரைஞராகவே உட்கார்ந்திருந்தார் என்பது. அந்த நாற்காலிக்குப் பாதி நீதிபதியின் மனமும் வேண்டும்: தன் அலுவலகத்தின் கோப்பையே எதிர்த்தரப்பின் கண்ணால் ஒரு முறை படித்துவிட்டுக் கையெழுத்திடும் பழக்கம்.

அந்தப் பழக்கம் என்னவென்று காட்ட, இங்கே ஜோர்ஜ்டவுன் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் லெபோ பினாங்கு தெருவில் துணிக்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் என் அலுவலகத்துக்கு மூன்று பிஸ்கட் டின்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடுதல் வரி கேட்டு நோட்டீஸ் வந்திருந்தது. “எல்லா ரசீதும் இதுக்குள்ள பத்திரமா இருக்கும்மா, ஒண்ணையும் நான் தொலைக்கல,” என்றார். திறந்து பார்த்தோம். ஒழுங்காக மாதவாரியாக ரப்பர் வளையம் போட்டு அடுக்கியிருந்தார். ஆனால் பாதிக்கு மேல் வெப்பத்தாளில் அச்சடித்த ரசீதுகள். எழுத்து ஓடிப்போய் வெறும் மஞ்சள் தாளாக இருந்தன. அவருடைய கணக்காளர் போட்ட கணக்கில் ஒரு சென் பிழையில்லை. இருந்தும் நம் வருமான வரிச் சட்டப்படி மேல்முறையீட்டில் நிரூபிக்கும் சுமை வரி செலுத்துபவர் மீதுதான். எதிர்த்தரப்பின் கண்ணால் பார்த்தால், வெற்றுத் தாளை நீட்டி எதையும் நிரூபிக்க முடியாது. சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரிகளைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய கார்பன் புத்தகங்களில் இருந்து டெலிவரி ரசீதுகளின் நகலை ஒவ்வொன்றாக எடுக்க எனக்கும் என் எழுத்தருக்கும் இரண்டு மாதம் ஆனது. அந்த நகல்களைப் பார்த்த வாரியத்தின் அதிகாரி பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டார். வழக்கு மன்றம் வரை போகவில்லை. ரசீது வந்தவுடன் ஒரு போட்டோகாப்பி எடுத்து வையுங்கள் என்று இன்றும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். ஏழு ஆண்டுகள் ஆவணம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், மையின் ஆயுள் அவ்வளவு இல்லை.

மலேசியாவில் சட்டம் வாரியத்துக்கு எவ்வளவு சாதகமானது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 103-ஆவது பிரிவின்படி, நீங்கள் மேல்முறையீடு செய்திருந்தாலும் வரியைக் கட்டியாக வேண்டும்; முதலில் கட்டு, பிறகு பேசு என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். நோட்டீஸ் கிடைத்து 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டுப் படிவமான கியூ பாரம் கொடுக்க வேண்டும். அது வாரியத்தின் மறுபரிசீலனைக்குப் பிறகு, வரி மேல்முறையீடுகளை விசாரிக்கும் சிறப்பு ஆணையர்களிடம் போகும். 104-ஆவது பிரிவின்படி வெளிநாட்டுப் பயணத்தைத் தடுக்கலாம், கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்தில் கடப்பிதழை நீட்டிய பிறகே தடை இருப்பதை அறிந்தவர்கள் உண்டு. மறுபக்கத்தில், 138-ஆவது பிரிவு வரி செலுத்துபவரின் விவரங்களை இரகசியமாகக் காக்கச் சொல்கிறது. ஹெனாரெஸ் செய்ததுபோல வாரந்தோறும் பெயர் சொல்லிப் பத்திரிகையாளர்களை அழைப்பது இங்கே ஒரு தலைவருக்கு எளிதாக இருக்காது. இவ்வளவு அதிகாரம் கையில் இருக்கும்போது, அதை எங்கே பயன்படுத்தக் கூடாது என்று சொல்லக்கூடிய சட்ட மூளை உள்ளேயே, உயர்ந்த இடத்தில், இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

பெண் என்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹெனாரெஸுக்குத் துப்பாக்கி சுடுவது பொழுதுபோக்கு. அவரைப் பற்றிய செய்திகளில் அது தவறாமல் வந்துவிடும். இரும்புப் பெண் என்ற வருணனைக்கு அது வசதியாக இருந்தது. ஆண் தலைவர்கள் வாரக் கடைசியில் கோல்ஃப் ஆடப் போவதை யாரும் அவர்களின் வரிக் கொள்கைக்கு விளக்கமாக எழுதி நான் படித்ததில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். வருமான வரி இலாகா 1996 மார்ச் 1 அன்று வாரியமாக மாறியது. அதன் தலைமைச் செயல் அதிகாரியாகப் பெண் ஒருவர், ஹஸ்மா அப்துல்லா, இருந்திருக்கிறார். இலாகாவுக்குள்ளேயே நீண்ட காலம் பணியாற்றி உயர்ந்த அவர் 2011-இல் ஓய்வு பெற்றார். 2023-இல் அந்தப் பொறுப்புக்கு வந்த அபு தாரிக் ஜமாலுதீனோ வாரியத்தின் வழக்கறிஞராக இருந்தவர். வரி வழக்குகளின் பழைய தீர்ப்புகளைப் புரட்டினால், மூத்த வருவாய் வழக்கறிஞர் என்று அவர் பெயர் வாரியத்தின் தரப்பில் இருக்கும். ஆகவே பெண் தலைவரையும் இந்த நாடு பார்த்துவிட்டது, வழக்கறிஞர் தலைவரையும் பார்த்துவிட்டது. இரண்டும் ஒருவரே என்பதை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய வழி இரண்டு. ஒன்று, பட்டமும் சேம்பரிங் என்னும் ஒன்பது மாதத் தொழிற்பயிற்சியும் முடிந்ததும் வாரியத்தின் சட்டப் பிரிவில் வருவாய் வழக்கறிஞராகச் சேர்வது. சம்பளம் பெரிய தனியார் நிறுவனத்தைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் வெளியே பத்தாண்டு கழித்துத்தான் கையில் கிடைக்கும் வழக்கு அங்கே வெகு சீக்கிரம் கிடைத்துவிடும். மற்றொன்று, ரிச்சர்ட்சனும் ஹெனாரெஸும் போனதுபோல உள்ளும் வெளியுமாகப் போய் வருவது; நம் பொதுத்துறையில் வெளியே போனவர் திரும்பி வருவது அவ்வளவு வழக்கமில்லை என்பதால், மலேசியாவுக்கு முதல் வழியே நடைமுறைக்கு ஏற்றது என்று நினைக்கிறேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும், இப்போதே ஒரு கணக்கியல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நண்பர்கள் சொல்வதில் நான் ஒப்புக்கொள்வது அந்த ஒன்றை மட்டுமே: கணக்கேட்டில் கழிக்கும் தேய்மானமும் வரிக்காகக் கழிக்கும் மூலதனச் சலுகையும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத வழக்கறிஞரைக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புக் கணக்காளர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

சிறப்பு ஆணையர்களின் விசாரணை பொதுமக்களுக்கு மூடிய கதவுக்குள் நடப்பது. உள்ளே போக முடியாது. ஆனால் அங்கிருந்து மேல்முறையீடாக உயர் நீதிமன்றத்துக்கு வரும் வரி வழக்குகள் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் திறந்த மன்றத்திலேயே நடக்கின்றன. பிரிக்பீல்ட்ஸில் இருந்து அது அதிக தூரமில்லை. காலை ஒன்பது மணிக்கு முன் போய், வாசலில் ஒட்டியிருக்கும் வழக்குப் பட்டியலில் கெத்துவா பெங்காரா ஹாசில் டாலாம் நெகெரி (உள்நாட்டு வருவாய்த் தலைமை இயக்குநர், அதாவது வாரியம்) என்று ஒரு தரப்பு இருக்கிற மன்றத்தைத் தேடிப் பின் வரிசையில் உட்காருங்கள். வாரியத்தின் மேசையில் கறுப்பு அங்கியுடன் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே பெண்களுக்குப் பஞ்சம் இருக்காது. இடைவேளையில் அவர்களில் ஒருவரிடம் போய்ப் பேசிப் பாருங்கள்.